'வில்' தேடினா பூஜ்யம்: ஸ்டாப் வேர்டு உங்களையும் கடிச்சிருக்கா?

மதுரை_கோடர்:
ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஸ்கேன் பண்ண பத்திரங்களை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல போட்டு சர்ச் வச்சுக் கொடுத்தேன். இங்கிலீஷ் கான்ஃபிக், வேற எதுவும் யோசிக்கல. டெமோ அன்னிக்கு சீனியர் தானே உக்காந்து இங்கிலீஷ்ல 'வில்'னு அடிச்சார். ஒன்னுகூட வரல. கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சுட்டு, "ஏன் தம்பி, நாப்பது வருஷத்துல நான் ஒரு உயில்கூட எழுதலையா?"ன்னார். ஜூனியருங்க எல்லாம் தரையைப் பாத்தாங்க. உயிலும் அதே ஸ்பெல்லிங், எதிர்கால 'வில்'லும் அதே ஸ்பெல்லிங். எதிர்கால 'வில்' ஒரு ஸ்டாப் வேர்டு, அதாவது அடிக்கடி வர்றதால தேடல்ல கணக்குலயே எடுக்காம விடற சொல். அந்தச் சொல் லிஸ்ட்டுக்கு என்ன தெரியும்?

ரெசிபி_சர்வர்:
நமக்கு மைஐசாம் (மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோட பழைய சேமிப்பு முறை) காலத்துக் கதை. 'ரைஸ்' நல்லாத்தான் வந்துட்டிருந்துச்சு. பொங்கலுக்கு இருபது ரெசிபி ஏத்தினேன், அன்னிக்கு ராத்திரியே காணோம். டேபிள்ல பாதி வரிசைக்கு (ரோ) மேல ஒரு சொல் இருந்தா அதுவே அதை ஒதுக்கிடுமாம், 50% கணக்கு. அந்தக் கணக்கு இல்லாத பூலியன் மோடுக்கு மாத்தினதும் வந்துருச்சு. அரிசி இல்லாத சமையல் தளம்னு வீட்ல இன்னும் ஓட்டறாங்க.

இன்டெக்ஸ்_அண்ணன்:
'நாட் ஒர்க்கிங்'னு புகார் தேடினா, 'நாட்' ஸ்டாப் வேர்டா கழண்டு போய் நல்லா ஓடற மெஷினெல்லாம் வந்து நின்னுச்சு, அதான் என் கதை. மதுரைத் தம்பி, தப்பு உங்க மேலதான். ஸ்டாப் லிஸ்ட் டிஸ்க் விலை அதிகமா இருந்த காலத்துச் சரக்கு. எலாஸ்டிக்சர்ச்ங்கற தேடல் மென்பொருள்ல ஸ்டாண்டர்ட் அனலைசர் (உரையைச் சொல் சொல்லா பிரிக்கற பகுதி) எந்தச் சொல்லையும் நீக்காது. 'இங்கிலீஷ்' அனலைசர் எடுத்தீங்கன்னா அதுக்கு அடியில ஓடற லூசீன் லைப்ரரியோட 33 சொல் போயிடும், 'நாட்'டும் அதுல ஒன்னு. உங்க வக்கீலுக்கு 'நாட் கில்டி'யும் 'கில்டி'யும் ஒன்னாயிடும், பாத்துக்கோங்க. லிஸ்ட்டைத் தூக்கிடுங்க. எல்லா ஆவணத்துலயும் இருக்கற சொல்லுக்கு பிஎம்25 (முடிவுகளை வரிசைப்படுத்தற சூத்திரம்) தானா மதிப்பைக் குறைச்சுடும். வேகம் போச்சுன்னு அழறவங்க காமன் கிராம்ஸ் போடுங்க: 'நாட் கில்டி' ஒரே டோக்கனா, ஒரு சொல் மாதிரி இன்டெக்ஸ் ஆகும். தேடின சொல்லுல குறைஞ்சது எத்தனை பொருந்தணும்ங்கற மினிமம் ஷுட் மேட்சையும் ஒரு தடவை பாத்துடுங்க.

வைகைக்கரை:
தமிழ்ல லிஸ்ட்டே கிடையாது, போஸ்ட்கிரஸ் 12-ல ஸ்டெம்மர் (சொல்லோட விகுதியை வெட்டற கருவி) மட்டும்தான் வந்துச்சு. நானே 'ஒரு', 'என்று'ன்னு எழுதினேன். எண்ணுப் பேரையும் சேத்தேன். 'ஆறு' போயிடுச்சு, கூடவே வைகை ஆறும்!

மதுரை_கோடர்:
அண்ணே, நான் போஸ்ட்கிரஸ்னு சொன்னேன். அதுல முடிவுகளுக்கு மதிப்பெண் போடற டிஎஸ் ரேங்க் ஒரு சொல் எத்தனை ஆவணத்துல இருக்குன்னு பாக்கவே பாக்காது, எங்கேர்ந்து மதிப்பு குறையும்? ஸ்டாப் லிஸ்ட் இல்லாத ஸ்னோபால் (ஸ்டெம்மர்) டிக்ஷனரி வச்சு ரீஇன்டெக்ஸும் பண்ணிப் பாத்துட்டேன். இப்போ 'வில்' அடிச்சா எதிர்கால 'வில்' இருக்கற வாடகை ஒப்பந்தம் மொத்தமும் கொட்டுது. கடைசியில ஆவண வகைக்குத் தனியா ஒரு பில்டர் போட்டேன். சீனியர் அதைத் தொடறதில்ல, குமாஸ்தாவைத்தான் கூப்பிடறார்.