சரியான விடை, புரியாத கணக்கு: வகுப்பில் கண்டவை

கணக்கு எடுப்பவர்
8 + 4 = □ + 5. இதைப் பலகையில் எழுதி, கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேளுங்கள். கூட்டலில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே 12 என்பார்கள். இன்னும் சிலர் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி 17 என்பார்கள். விடை 7. கூட்டத் தெரியாததல்ல கோளாறு. சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று மனதில் பதிந்திருக்கிறது. வினாத்தாளில் எப்போதும் 8 + 4 = ___ என்றே வந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. இயற்கணிதத்தில் x வலப்பக்கம் வரும் நாளில்தான் வெடிக்கும்.

வாரம் இரண்டு கணக்கைத் திருப்பிப் போட்டாலே போதும்: 7 = 10 − □, 6 + 3 = □ + 4. ‘9 = 9 சரியா?’ என்றும் கேளுங்கள். ‘இதில் கணக்கே இல்லையே, தப்பு’ என்று ஒரு குரலாவது வரும்.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்
அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களுக்கு 5 நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: 42, 56. தேர்வுக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் பலன் தருவதுபோல் தோன்றுகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது.

வகுப்பின் முதல் 5 நிமிடம், புத்தகம் மூடி, மூன்று கேள்வி. நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. விடையை உடனே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றினீர்களோ, அடுத்த நாளே பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

விடைத்தாள் திருத்துபவர்
தாளைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான் பாதி கெடுகிறது. மேலே 23/30 என்று இருந்தால் பிள்ளை அதைப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவன் எண்ணைப் பார்க்கும், தாளை மடித்துப் பைக்குள் வைக்கும். நாம் ஓரத்தில் எழுதியது போச்சு. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் இதையே ஆராய்ந்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதனால் எண்ணைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். தவறான வரிக்கு எதிரே ஒரு புள்ளி மட்டும். என்ன தவறு என்று எழுத வேண்டாம். 20 நிமிடம் கொடுத்து வேறு நிற மையில் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் மறுநாள். 40 தாளுக்கு ஆளுக்கு 3 நிமிடம் என்றாலே 2 மணி நேரம் ஆகிறது. நீளமாக எழுதுவதைவிடப் புள்ளி கைக்கும் நல்லது.

வீட்டில் சொல்லித்தருபவர்
தப்பான கணக்கை விடுங்கள், ‘சரி’ போட்ட ஒன்றைக் காட்டி ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ½ + ⅓ = 5/6 என்று முறைப்படி எழுதிய கைதான் ‘2/5 ஏன் வரக்கூடாது?’ என்றதும் நின்றுவிடும். உடனே விதியைச் சொல்லாதீர்கள். 2/5 பாதியைவிடப் பெரியதா சிறியதா என்று மட்டும் கேளுங்கள். சிறியது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? அந்த இடத்தில் ஒரு நிமிடம் நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.