ஒருவர் சரி என்கிறார், இன்னொருவர் ஆபத்து என்கிறார்: பாய்லரைப் போடலாமா?

ரீடிங்வாசி:
இங்கிலாந்தில் ரீடிங்கில் வாடகை ஃபிளாட், வீட்டில் கைக்குழந்தை. போன மாதம் ஓனர் அனுப்பிய ஆள் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று வருடாந்திர கேஸ் சான்றிதழ் கொடுத்தார். நேற்று சுடுதண்ணீர் வரவில்லை என்று வேறொரு என்ஜினியர் வந்தார். பாய்லரைப் பார்த்தவர் சீலிங்கைத் தட்டி, “புகைக்குழாய் இதுக்குள்ள எங்க போகுது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ‘அட் ரிஸ்க்’ (ஆபத்து வரலாம்) என்று எச்சரிக்கை அட்டை ஒட்டி, தாளும் கொடுத்து, என்னிடம் கேட்டுக்கொண்டு அணைத்துவிட்டுப் போனார். ஓனரோ, “சான்றிதழ்தான் இருக்கே, போட்டுக்கோங்க” என்கிறார். யாரை நம்புவது?

பாய்லர்காரர்:
போடாதீங்க தம்பி. இங்கே இதே வேலைதான் செய்கிறேன். முதலில் வந்தவர் பாய்லரை மட்டும் அளந்திருப்பார். இவர் குழாயைக் கேட்கிறார். சீலிங்குக்குள் ஓடும் புகைக்குழாயைத் திறந்து பார்க்க வழி இல்லையென்றால், 2013 ஜனவரியிலிருந்து அது ‘அட் ரிஸ்க்’தான். கசிகிறது என்று அர்த்தமில்லை, கசியவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்று அர்த்தம். இணைப்பு கழன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வரும். அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாகிறதா? உடனே எல்லோரும் வெளியேறி கேஸ் அவசர எண் 0800 111 999க்குக் கூப்பிடுங்கள். அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் இருக்கிறதா?

ரீடிங்வாசி:
தலைவலி எதுவும் இல்லை. அலாரமும் இல்லை அண்ணா.

குரோய்டன் அக்கா:
பாய்லர் இருக்கும் அறையில் அலாரம் வைப்பது 2022 அக்டோபரிலிருந்து ஓனரின் கடமை. ஆனாலும் அவருக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள் தம்பி, குழந்தை இருக்கிற வீடு. அப்புறம், போனில் பேசாதீர்கள். எச்சரிக்கைத் தாளைப் படம் எடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். கேஸ் கருவியையும் குழாயையும் பாதுகாப்பாக வைத்திருப்பது 1998 கேஸ் பாதுகாப்பு விதிமுறைப்படி அவர் பொறுப்பு. சான்றிதழில் முதல் ஆளின் பதிவு எண் இருக்கும். கேஸ் என்ஜினியர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் சரிபார்த்து, அங்கேயே புகாரும் கொடுங்கள். ஓனர் அசையாவிட்டால் உள்ளூர் கவுன்சிலிடம் சொல்லுங்கள்.

ரீடிங்வாசி (ஒன்பது நாள் கழித்து):
அலாரம் அன்றைக்கே வாங்கிவிட்டேன். முதல் சான்றிதழை மறுபடி படித்தேன். புகைக்குழாய் வரிசையிலும் ‘சரி’ என்றே டிக் இருக்கிறது; மூடிய சீலிங்கில் எதைப் பார்த்தாரோ. புகார் கொடுத்துவிட்டேன். மின்னஞ்சல் போன பிறகு ஓனர் ஆள் அனுப்பி சீலிங்கை வெட்டித் திறந்தார். தாங்கும் கிளிப் ஒன்று இல்லாமல் குழாய் தொய்ந்து, ஒரு இணைப்பு பாதி கழன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இப்போது குழாய் மாற்றி, திறந்து பார்க்க மூடியும் வைத்துவிட்டார்கள். பழைய சான்றிதழே போதுமா?

பாய்லர்காரர்:
போதாது. புதிதாகச் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் நகல் 28 நாளுக்குள் உங்கள் கைக்கு வரவேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கம் இருக்கும்.