புதுப்பிப்பு: நாய்க்கடி ஊசிக் கணக்கில் ஒரு திருத்தம்

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், கண்ணை முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், பையைக் குறுக்கே பிடியுங்கள் என்று முன்பு எழுதியதில் மாற்றமில்லை. கடித்தால் வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வராமலிருக்கப் போடும் தடுப்பூசி பற்றி 'ஐந்து ஊசி' என்றது மட்டும் அரைகுறை.

தசையில் போடுவது ஐந்து: 0, 3, 7, 14, 28ஆம் நாள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள். 0, 3, 7, 28 என நான்கு நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. செங்கோட்டையில் முதல் ஊசி போட்டுவிட்டு வேலைக்குக் கேரளாவின் புனலூர் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான். சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே முறையில் தொடரச் சொல்லுங்கள்.

அதற்கு முன் கழுவுதல். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாய்ப் பதினைந்து நிமிடம். கோரைப்பல் குத்திய ஓட்டை வெளியே கடுகளவுதான் தெரியும், உள்ளே ஆழம். நுரை அதற்குள் போகும்படி தண்ணீரை நேரே விடுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்து. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். (மிளகாய்த்தூள் அப்பும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்!) இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரமாவது ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதம். எடைக்கு ஏற்ற அளவில் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்துவார்கள். முதல் நாளே கேட்டு வாங்குங்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டினால் போடமாட்டார்கள்.

நாய் நலமாக இருக்கிறதா என்று பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் ஊசியைத் தள்ளிப்போட்டு அல்ல.