கிடங்குக்குள்ள கறுப்புச் சேத்துக்கு நடுவில கடல்மணல்: பழைய சுனாமியோ?

ஊரிக்கரை:
வணக்கம். எங்கட காணி யாழ்ப்பாணத்தில மருதங்கேணிப் பக்கம், களப்புக்குக் கிட்ட. போன கிழமை மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டினம். மேல புல்வேர் மண். ஒரு சாண் கீழ ஒரு விரல் தடிப்பில வெள்ளை மணல், அதுக்குள்ள நீல நைலோன் வலைத்துண்டும் சிதைஞ்ச பொலித்தீனும். அது 2004 சுனாமி கொண்டந்த மணல் எண்டு பாத்த உடனயே விளங்கீற்றுது. அதுக்குக் கீழ ரெண்டரை அடிக்குக் கறுப்புச் சேறு, கூழ்முட்டை மணம். பிறகு திரும்பவும் மணல்! நாலு விரல் தடிப்பு, சாம்பல் நிறம், நொருங்கின ஊரி (சின்னக் கடல் ஓடு) நிறைய. பொலித்தீன் ஒண்டும் இல்லை. அதுக்கும் கீழ மறுபடி சேறு. வெட்டின அண்ணை ஒரு பிடி அள்ளிப் பாத்திட்டு, "இது களப்பு மண் இல்லைத் தம்பி, கடல் மண்" எண்டார்.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, போயா. எனக்குப் பத்து வயசு. "நான் பிறந்த நாளில இருந்து இந்தக் கடல் றோட்டைத் தாண்டினதில்லை" எண்டு அப்பாச்சி எப்பவும் சொல்லுவா. அண்டைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வாசலில நிண்டவ. ஓடி வரேல்லை. இந்தக் கடல் அதுக்கு முதலும் வந்ததோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சேத்துக்குழாய்:
தம்பி, முதல்ல கிடங்கை மூட விடாதையும். ஒரு பக்கச் சுவரையாவது அப்பிடியே வையும். நான் படிக்கிற காலத்தில எஸ்லோன் பைப்பைச் சுத்தியலால அடிச்சுக் களப்புச் சேத்துக்குள்ள இறக்கி, இழுத்தெடுத்து, நீளத்துக்குப் பிளந்து பாத்தனான். அந்தக் கறுப்புக்கு நடுவில ஒரு வெள்ளைக் கோடு தெரியேக்க நெஞ்சு அடிக்கிறது எனக்குத் தெரியும்.

உமக்கு நல்ல இடம் வாய்ச்சிருக்கு. மணற்காட்டு மணல்மேட்டில இப்பிடி ஒரு படை நிலைக்காது, காத்து அள்ளிக்கொண்டு போயிடும். சேறு அமைதியாப் படியிற பள்ளத்திலதான் வந்த மணல் மூடுப்பட்டு அப்பிடியே கிடக்கும். அங்கயும் நண்டு வளையும் கண்டல் வேரும் கலக்கிப் போடும்.

இனி மூண்டு விஷயம் பாத்துச் சொல்லும். மணலுக்கும் கீழ்ச் சேத்துக்கும் இடையில கோடு கத்தியால வெட்டினமாதிரி இருக்கோ, கலங்கி இருக்கோ? மணலுக்குள்ள கறுப்புச் சேத்துக் கட்டி கிடக்கோ? (வேகமா வாற தண்ணி அடிநிலத்தைப் பிய்ச்சுக்கொண்டுதான் வரும்.) அடியில இருந்து ஒரு சிட்டிகை, மேல இருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால உருட்டிப் பாரும். அடி பருமனாயும் மேல மாவாயும் இருந்தா, தண்ணி ஓய ஓய மணல் படிஞ்சிருக்கு எண்டு அர்த்தம்.

நீர் கேட்ட கேள்வியைத்தான் 2004க்குப் பிறகு உலகம் முழுக்கக் கேட்டது. தாய்லாந்தில பிரா தொங் தீவில 2004 மணலுக்குக் கீழ பழைய மணல் படைகளைக் கண்டு 2008இல எழுதினவை. 2004க்கு முதல் வந்தது 550க்கும் 700க்கும் இடைப்பட்ட வருஷத்துக்கு முந்தி. இந்தோனேசியாவில அச்சேயில ஒரு கரையோரக் குகை இருக்கு. வௌவால் எச்சம் கறுப்பாப் படிய, இடையில கடல் மணல் வெளிறிப் படிய, மாறி மாறி ஏறியிருக்கு. 7,400 வருஷத்துக்கும் 2,900 வருஷத்துக்கும் முந்தின காலத்துக்குள்ள ஆகக் குறைஞ்சது 11 தரம்! ஒருக்கா ஒரே நூற்றாண்டுக்குள்ள பல தரம் வந்திருக்கு, இன்னொருக்கா ரெண்டாயிரம் வருஷ அளவுக்கு ஒண்டும் இல்லை. எங்கட நாட்டிலயும் அம்பாந்தோட்டையில கரகன் லேவாய எண்ட களப்பில பழைய படைகள் அகப்பட்டது, ஆகப் பழசு ஆறாயிரம் வருஷம் தாண்டும்.

உம்மட அப்பாச்சி பொய் சொல்லேல்லைத் தம்பி. அவவின்ர தாய், தாயின்ர தாய் காலத்திலயும் அப்பிடி வராத கடல் அது. ஆரும் அவவுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேலாது.

வல்வைக்காத்து:
சேத்துக்குழாய் சொல்லுறது நல்ல விளக்கம், ஆனா புயலை மறக்கக்கூடாது. 1964 மார்கழி 22, 23இல தனுஷ்கோடியை அழிச்ச புயலுக்கு எங்கட பக்கமும் கடல் ஏறி வாடியெல்லாம் கொண்டுபோனது எண்டு அம்மா சொல்லுவா. அதுவும் மணலை ஏத்தும் தானே?

சேத்துக்குழாய்:
ஓம் ஐயா, ஆகச் சிக்கலான இடம் அதுதான். புயல் அலை சில விநாடிக்கு ஒண்டா மணித்தியாலக் கணக்கில அடிக்கும். மணல் மெல்லிய மெல்லிய வரியா அடுக்குப்படும், பெரும்பாலும் கரையோடயே நிண்டிடும். சுனாமியில ஒரே அலையின்ர தண்ணி பல நிமிஷம் நிக்காமல் உள்ள வரும், மணலையும் தூரக் கொண்டுபோகும். யப்பானில சென்டாய் வெளியில 869ஆம் ஆண்டு வந்த கடலின்ர மணலைக் கரையில இருந்து மூண்டு, நாலு கிலோமீற்றர் உள்ள கண்டவை. 2011இல அதே வெளியில திரும்ப ஏறினது. எண்டாலும் ஒரு கிடங்கை மட்டும் பாத்துத் தீர்ப்புச் சொல்லேலாது. கடலில இருந்து களப்புப் பக்கமா ஒரே நேர்கோட்டில நாலைஞ்சு இடம் தோண்டோணும். உள்ள போகப் போக மணல் மெலிஞ்சும் மாவாயும் வரோணும். நாலு விரல் எண்டபடியா 2004ஐ விடப் பெரிசு எண்டும் நினைக்கவேண்டாம், அந்தக் காலத்தில கடற்கரை எங்க இருந்ததோ.

ஊரிக்கரை:
நேற்றுப் பின்னேரம் ரோச் லைற்றோட இறங்கினன். கோடு கத்தி வைச்சமாதிரித்தான். மணலுக்குள்ள புளியங்கொட்டை அளவில அஞ்சு சேத்துக்கட்டி எண்ணினன், ஒண்டில வேர்நார் ஒட்டியபடி. அடிமணல் சீனி மாதிரி, மேல மா. வரிவரியா ஒண்டும் தெரியேல்லை. களப்புப் பக்கம் அறுபதடி தள்ளி இன்னொண்டு தோண்டினன். அங்கயும் மணல் இருக்கு, ரெண்டு விரல்தான்.

சேத்துக்குழாய்:
தம்பி, இதை ரெண்டு தரம் வாசிச்சன். இனி மேற்கொண்டு தோண்டவேண்டாம். சனிக்கிழமை காலமை நான் பைப்பும் நாடாவும் கொண்டு வாறன். அந்த மணல் கடைசியா வெயில் கண்ட காலத்தை அளக்க வழி இருக்கு. அதுக்கு வெளிச்சம் படாமல் எடுக்கோணும், அதால சுவரைக் கறுப்புப் பொலித்தீனால மூடிவிடும். மணலுக்கு நேர் மேலயோ கீழயோ விதை, இலை ஏதும் தெரிஞ்சாலும் கைவைக்காதையும். காபனை அளந்து வயசு பாக்கிறதுக்கு ஊரியை விட அதுதான் நல்லது, கடல் ஓடு உள்ளதைவிடச் சில நூறு வருஷம் பழசாக் காட்டும். இண்டைக்கு வாடை இறங்கிற மாதிரிக் கிடக்கு. கிடங்கைச் சுத்தி ஒரு வரம்பு கட்டும், மழைத்தண்ணி உள்ள போனாச் சுவர் இடிஞ்சிடும்.