காலாவதியான டொமைன் பெயரைக் கேட்டுப் பழைய உரிமையாளர் வந்தபோது: அனுபவப் பகிர்வு

ஈசூன்வாசி:
நான் ஏலத்தில் எடுத்த டாட் காம் பெயர் (இணைய முகவரி) ஒன்றைப் பற்றி, அதை முன்பு வைத்திருந்த சிங்கப்பூர் சிராங்கூன் சாலை கேட்டரிங் கடைக்காரர் எழுதியிருந்தார், தேக்காவில் சந்தித்தோம். தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் மின்னஞ்சலே பதிவில் இருந்ததால், காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் வரவேண்டிய நினைவூட்டல்கள் அவருக்கே போயிருக்கின்றன. அவரோ ஊருக்குத் திரும்பிவிட்டார், புதுப்பிக்காத பெயர் ஏலத்துக்கு வந்துவிட்டது. இது நாம் அனைவரும் அறிந்த கதைதான். என்னை உறுத்துவது வேறு. பெரியவர் விலையைக் கேட்கவே இல்லை. பையிலிருந்து புதிய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அச்சிட்டிருந்த முகவரியின்மேல் விரலை வைத்து, "தம்பி, இதை உங்களுக்கு வித்தது யாரு?" என்றார். பெயர்களைப் பதிந்து கொடுக்கும் பதிவாளர் நிறுவனம் என்றேன். "நான் வருஷா வருஷம் காசு கட்டினதும் அவங்களுக்குத்தானே?" என்றார். காலாவதியான பெயரை ஏலம் விடும் உரிமையை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அவர்களுக்குத் தருகிறது என்பது எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. எடுத்த விலைக்கே கொடுத்துவிட்டேன்.

ஜூரோங் வாசகன்:
ஈசூன்வாசியின் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் அதை விதியாக்கிவிடக் கூடாது. நான் எடுத்த ஒரு பெயரைப் பற்றி வந்த விசாரணையில் கேட்டவரின் பெயரும் இல்லை, நிறுவனமும் இல்லை, "விற்பனைக்கா, எவ்வளவு?" என்ற ஒரே வரிதான். யார் கேட்கிறீர்கள் என்று மட்டும் பதில் எழுதினேன். அடுத்து வந்தது வழக்குரைஞர் கடிதம். அதன் கடைசிப் பக்கத்தில் என்னுடைய அந்த ஒற்றை வரி, "இணைப்பு 3" என்ற முத்திரையுடன். நான் தொகை ஏதாவது சொல்லியிருந்தால், டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி விதிகளின்கீழ் தீய நோக்கத்துக்கு அதையே சான்றாக வைத்திருப்பார்கள். வர்த்தக முத்திரை உரிமையாளருக்கு அடக்கச் செலவைவிடக் கூடுதலாக விற்கும் நோக்கத்தோடு பெயரை எடுப்பது அங்கே தீய நோக்கமாகக் கருதப்படுகிறது. அவர்களது வர்த்தக முத்திரை விண்ணப்பமோ நான் பெயரை எடுத்ததற்குப் பிந்தியது. தேதிகளை மட்டும் குறிப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். அதன்பின் கடிதம் வரவில்லை. முன்பு வைத்திருந்தார் என்பது மட்டுமே ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது, ஈசூன்வாசி.

தெம்பனிஸ் தமிழ்:
பழைய உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர் உண்மையில் பழைய உரிமையாளரே அல்லர். இணையதளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கத்தைத் திறந்ததும் அது தெரிந்துவிட்டது. ஆகவே புதியவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் பழைய பக்கத்தையும், இங்குள்ள வணிகமானால் அக்ரா எனும் சிங்கப்பூர் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டாட் காம் பெயர் இன்னும் உங்கள் கைக்கு வராமல், பழையவர் மீட்டுக்கொள்ள விடப்படும் 30 நாள் மீட்புக் காலத்தில் இருந்தால், கேட்பவரைப் பதிவாளர் நிறுவனத்திடம் அனுப்புங்கள். கட்டணம் அதிகம் என்றாலும் அவரே மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிந்திய 5 நாள் நீக்கக் காலத்தில் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. புதிதாகப் பதிந்த பெயரை வேறு பதிவாளர் நிறுவனத்துக்கு மாற்றப் பெரும்பாலும் 60 நாள் தடை உண்டு. அதே நிறுவனத்தில் அவரையும் கணக்குத் திறக்கச் சொன்னால் வழக்கமாக உள்ளேயே கைமாற்றிவிடலாம். பணத்துக்கு எஸ்க்ரோ, அதாவது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருக்கும் முறை. சிங்கப்பூருக்குரிய டாட் எஸ்ஜி பெயர் என்றால் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழி அடையாளச் சரிபார்ப்பும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல் அனைத்தையும் உங்கள் பெட்டியில் பிடிக்கும்படி அமைக்காதீர்கள். பழையவருடைய கடவுச்சொல் மீட்புக் கடிதங்கள் உங்கள் பெட்டியில் விழுந்தால், அதன்பின் அவர் எதைச் சந்தேகித்தாலும் நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

செங்காங் மாலா:
அறிவுரை யாரும் கேட்கவில்லை என்றாலும், அஞ்சலைப் பற்றிச் சொன்னது சரி. நான் மறுபக்கத்தில் இருந்தவள். எங்கள் நடனப் பள்ளியின் பெயர் கைமாறி, அதே முகவரியில் சூதாட்டத் தளம் ஓடியது, ஒரு மாணவியின் பாட்டி கைப்பேசியை என்னிடம் நீட்டி, "டீச்சர், இது நம்ம பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். புதிய உரிமையாளருக்குப் பணிவாக எழுதினேன், விலை கொடுக்கவும் தயார் என்றேன், பதிலே இல்லை. ஜூரோங் வாசகனின் பயம் நியாயமானதுதான், ஆனால் "விற்பதற்கில்லை" என்று ஒரு வரி வந்திருந்தால்கூட அன்றே டாட் எஸ்ஜி பெயருக்கு மாறியிருப்போம். அடுத்த பருவத்தின் துண்டுப்பிரசுரமும் பழைய முகவரியோடு அச்சாகியிருக்காது.