கலிஃபோர்னியாவில் எம்எஃப்டி படிப்பு: இரண்டு வருடத்தில் முடியுமா?

காவேரிக்கரை:
வணக்கம். சொந்த ஊர் திருச்சி, இப்போது ஃப்ரீமாண்ட். ஊரில் எம்.எஸ்.டபிள்யூ முடித்து நான்கு வருடம் ஒரு பள்ளியில் கவுன்சிலராக இருந்தேன். கல்யாணமாகி எச்4-இல் (வீட்டுக்காரரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) வந்து மூன்று வருடமாக வீட்டில்தான். வேலை செய்ய அனுமதிக்கும் இஏடி அட்டை போன மாதம் கைக்கு வந்தது. எம்எஃப்டி, அதாவது தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை தரும் மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபி மாஸ்டர்ஸுக்கு இரண்டு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு கோஆம்ஃப்டி (எம்எஃப்டி படிப்புகளைத் தரம் பார்த்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உண்டு, ஃபீஸ் அதிகம். மற்றதற்கு அது இல்லை, ஆனால் வீட்டுக்குப் பக்கம். இரண்டு வருடத்தில் முடித்து வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறேன். "பஞ்சாயத்து பண்றதுக்கு ஒரு டிகிரியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

சன்னிவேல் சங்கர்:
என் தங்கை எஃப்1 மாணவர் விசாவில் வந்து இதைப் படித்தாள். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) படிப்பு இல்லை என்பதால், படித்து முடித்தபின் வேலை செய்ய விடும் ஓபிடி 12 மாதம்தான். வேலை தேடுவதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. லைசென்ஸுக்குத் தேவையான பயிற்சி மணி நேரம் முழுதாகச் சேர்வதற்குள் விசா முடிந்து இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அங்கே எம்எஃப்டி என்று தனி லைசென்ஸே கிடையாது. உங்களிடம் இஏடி இருப்பதே பாதி நிம்மதி. புதுப்பிக்கும் தேதியை மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

மல்லி:
நான் ஏஎம்எஃப்டி (அசோசியேட் எம்எஃப்டி). அதாவது டிகிரியை வாங்கிவிட்டு லைசென்ஸுக்காகப் பயிற்சி மணி நேரம் எண்ணிக்கொண்டிருக்கும் கூட்டம். நேற்று இரவு என் எக்செல் கணக்கு 2,212.

அந்த இரண்டு வருடக் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். 60 செமஸ்டர் யூனிட் முடிக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. லைசென்ஸுக்கு மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம். அதில் 1,750 மணி நேரமாவது கிளையண்டோடு உட்கார்ந்ததாக இருக்க வேண்டும். டிகிரிக்கு முன்னால் சேர்த்ததில் 1,300 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். டிகிரி வந்த 90 நாளுக்குள், இங்கே லைசென்ஸ் தரும் மாநில வாரியமான பிபிஎஸ்-இல் அசோசியேட் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தவறவிட்டால் பதிவு எண் வரும்வரை உழைத்தது கணக்கில் சேராது. அப்புறம் சட்டமும் நெறிமுறையும் ஒரு பரீட்சை, கிளினிக்கல் ஒரு பரீட்சை. படிக்கும்போதே கிளையண்டுகளைப் பார்க்கும் பிராக்டிகம் பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எனக்குப் பார்க்கிங் காசு கூடக் கையிலிருந்துதான் போனது.

கலிஃபோர்னியா லைசென்ஸுக்கு கோஆம்ஃப்டி கட்டாயம் இல்லை. பாடத்திட்டம் பிபிஎஸ் கேட்பதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், போதும். நாளைக்கு உங்கள் வீட்டுக்காரர் வேலை வேறு மாநிலத்துக்கு மாறலாம் என்றால் மட்டும் யோசியுங்கள். பல இடங்களில் அந்த அங்கீகாரத்தையோ அதற்கு ஈடான பாடங்களையோ கேட்கிறார்கள்.

ஃபீஸ் பேசுவதற்கு முன்னால் இரண்டு கல்லூரியிலும் ஒன்று கேளுங்கள்: பிராக்டிகத்தில் எதிரே யார் வந்து உட்காருவார்கள்? 3,000-இல் 500 மணி நேரம் தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தைகளும் அதில் சேர்த்தி என்பதால், ஒரு பள்ளியில் போட்டுவிட்டால் கணவன் மனைவியைச் சேர்த்துப் பார்க்காமலே அந்த 500-ஐ நிரப்பிவிடலாம். எனக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. முதல் தம்பதி வந்தது பதினோராவது மாதம்.

அவர்களைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூடுதல். ஐம்பது நிமிடமும் நன்றாகப் போனது என்று நினைத்து, அனுமதி வாங்கி எடுத்த வீடியோவை சூப்பர்வைசரிடம் போட்டுக் காட்டினேன். அவர் சத்தத்தை அணைத்துவிட்டு, "இப்போது பார்" என்றார். என் முழங்கால் இரண்டும் கணவர் பக்கம். லேசாகக் குனிந்து, வீட்டுக்கு வந்த பெரியப்பாவிடம் பேசுவது போல உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா துப்பட்டா ஓரத்தைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார். சத்தத்தைத் திரும்ப வைத்தால் இன்னும் மோசம். "மேடம் ராத்திரி சரியாத் தூங்கறாங்களா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேடம் இரண்டடி தள்ளித்தான் இருக்கிறார்! குடும்பத்துக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று குடும்ப தெரபி முன்னோடி மினுச்சின் சொன்னதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான். மறு வாரம் அவர்கள் வருவதற்கு முன்பே என் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த அம்மா முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்.

இதெல்லாம் புத்தகத்தில் வராது. வீடியோ பார்த்துச் சொல்லித் தரும் சூப்பர்வைசர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வகுப்பில் ஒரு கூத்தும் நடந்தது. ஜெனோகிராம் என்று குடும்ப உறவுப் படம் ஒன்றை மூன்று தலைமுறைக்கு வரையச் சொன்னார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். என் ஆச்சி தாய்மாமனைக் கட்டியவர். கல்யாணக் கோடு ஒரே வரிசையில் நிற்காமல் மேல் தலைமுறைக்கு ஏறியது. பக்கத்தில் இருந்த பெண் பாவப்பட்டு அழிரப்பரை நீட்டினாள். 'முறை' என்ற சொல்லை விளக்கவே அன்றைக்கு அரை மணி நேரம் போனது.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பஞ்சாயத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விடலாம். இங்கே தீர்ப்பே சொல்லக் கூடாது, அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும்.

காவேரிக்கரை:
அக்கா, ரொம்ப நன்றி. நாற்காலி விஷயத்தை அவரிடம் படித்துக் காட்டினேன், சத்தமே இல்லை. இன்னொன்று: தமிழில் செஷன் நடத்தினால் அந்த மணி நேரம் சேருமா?

மல்லி:
சேரும்மா, எனக்குச் சேர்ந்திருக்கிறது. சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாததுதான் பாடு. "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்று ஒருவர் சொன்னதை ஒரு தடவை ஆங்கிலத்தில் 'பிரிந்துவிட்டார்கள்' என்று குறிப்பில் எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் பதறி அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார். அதற்குள் அந்தப் பெண் ஒரு டப்பா முறுக்கோடு திரும்பி வந்தாயிற்று.