டெர்மினல் அட்டவணையில் தமிழ்ப் பெயர் வந்தால் கோடு தள்ளிப்போகிறது, உதவி தேவை

பட்டறை_கணக்கு:
வணக்கம். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்கு இருப்புக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைத்தான் மொழி, வெறும் டெர்மினல் (எழுத்து மட்டும் தெரியும் திரை). எந்த டிசைன் எத்தனை சதுர அடி தயார், எது இன்னும் தண்ணித் தொட்டியில் கிடக்கு என்று ஒரு அட்டவணை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அகலம் 80 கட்டம் (ஒரு கட்டம் என்பது ஓர் இங்கிலீஷ் எழுத்து நிற்கும் இடம்). முதலாளி போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்பைத் திறந்து எஸ்எஸ்எச் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் முறை) வழியாகப் பார்ப்பார், அங்கே 45 கிடைத்தால் அதிகம்.

டிசைன் பெயரை இங்கிலீஷில் போட்டால் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. தமிழில் போட்டால் வலப்பக்கக் கோடு வரிக்கு வரி தள்ளிப்போகிறது. பைத்தானின் எல்ஜஸ்ட் (ljust) வைத்துத்தான் காலி இடம் நிரப்புகிறேன். போனைப் படுக்கவைத்தாலும் அகலம் மாற மாட்டேன் என்கிறது. முதலாளிக்குத் தமிழ்தான் வேண்டுமாம்.

தேவகோட்டை_டெவ்:
எல்ஜஸ்ட் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. "ஆத்தங்குடி" என்பதில் குறியீடு 10, எழுத்து 6. புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, அதில் அனேகமாகச் சண்டை இல்லை. கு, டி இரண்டிலும் உள்ள உயிர்க்குறிகள் வேறு வகை. அதற்கு ஒரு கட்டம் கொடுக்கும் டெர்மினலில் 8 வரும், கொடுக்காததில் 6. இன்னொரு கூத்து: இகரக் குறி ஒரு வகை, ஈகாரக் குறி புள்ளியோடு சேர்ந்த வகை. அதனால் சில இடத்தில் "கி" 2 கட்டம், "கீ" 1 கட்டம்! "கொ" வேறு ஒரே குறியாகவும் வரும், இரண்டாகப் பிரிந்தும் வரும். உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி (பிரிந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) ஆக்கிவிடுங்க.

பட்டறை_கணக்கு:
அப்ப எழுத்தின் அகலம் சொல்லும் டபிள்யூசிவிட்த் லைப்ரரி போட்டால் சரியாகிடுமா?

பள்ளத்தூர்_பழசு:
தம்பி, அது கையில் உள்ள பட்டியலைப் பார்த்துச் சொல்லும். போனில் இருக்கும் டெர்மினல் அந்தப் பட்டியலைப் படித்ததா என்ன? நிரப்புவதையே விட்டுவிடுங்க. ஒவ்வொரு பத்தி (நெடுவரிசை) தொடங்கும் முன்னும் கர்சரை நேராக அந்தக் கட்டத்துக்கு அனுப்புங்க: எஸ்கேப், சதுர அடைப்பின் திறப்பு, 20, பெரிய ஜி. முந்தைய பெயர் 6 எடுத்ததோ 8 எடுத்ததோ, கோடு 20-இல்தான் விழும்.

நீளப் பெயரை வெட்டணும் என்றால் மட்டும் நிஜ அகலம் தெரியணும். பெயரை அச்சிட்டு, எஸ்கேப், அடைப்பு, 6, சின்ன என் அனுப்பினால் கர்சர் நிற்கும் இடத்தை டெர்மினலே சொல்லும். பதில் கீபோர்ட் வழியாகத்தான் திரும்பி வரும், சிபிரேக் மோடில் (என்டருக்குக் காத்திருக்காமல் உடனே படிக்கும் நிலை) வைத்துப் படிக்கணும். எஸ்எஸ்எச்சில் இது மெதுவு, ஒரு பெயரை ஒருமுறை அளந்து அந்த செஷன் முடியும்வரை சேமித்துக்குங்க. வெட்டுவது எழுத்து எழுத்தாக இருக்கட்டும், அதற்கு ரீஜெக்ஸ் மாட்யூலில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் (முழு எழுத்தைப் பிடிக்கும் குறி). குறியீட்டில் வெட்டினால் "ங்" புள்ளி போய் "ங" ஆகிவிடும்.

பட்டறை_கணக்கு:
அண்ணே, கோடு நின்னுடுச்சு! ஆனால் போனைத் திருப்பினால் இப்பவும் 80 என்றே சொல்லுது.

தேவகோட்டை_டெவ்:
பைத்தானின் எஸ்ஹெச்யூட்டில் மாட்யூலில் உள்ள டெர்மினல் சைஸ் ஃபங்ஷனா? அது முதலில் காலம்ஸ் என்ற சூழல் மாறியைத்தான் பார்க்கும். யாராவது அதை எக்ஸ்போர்ட் செய்திருந்தால் சாகும்வரை அதே எண்தான். ஓஎஸ் மாட்யூலில் உள்ளதைக் கூப்பிடுங்க, அது டெர்மினலையே கேட்கும். திரை அளவு மாறினால் வரும் சிக்வின்ச் சிக்னல் வந்ததும் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, வரைவதை மெயின் லூப்பில் வைங்க.

பட்டறை_கணக்கு:
பிடிச்சிட்டேன். எனக்கு முன்னாடி சர்வரைப் பார்த்தவர் ப்ரொஃபைல் ஃபைலில் 80 என்று எழுதிவைத்திருக்கிறார். எடுத்ததும் சரி. 45-இல் நாலு பத்தியும் நெருக்குது, அதுக்கு?

பள்ளத்தூர்_பழசு:
அட்டவணை ஃபங்ஷன் உள்ளே அகலத்தைக் கேட்காமல், வெளியிலிருந்து எண்ணாக வாங்கட்டும். 50-க்குக் கீழே வந்தால் பெயர் ஒரு வரி, சதுர அடியும் தொட்டி நிலவரமும் அடுத்த வரி. முதலாளி கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க அதுதான் வசதி. 45, 80 இரண்டையும் கொடுத்து டெஸ்ட்டும் எழுதலாம், போனே வேண்டாம்.

பட்டறை_கணக்கு:
நன்றிண்ணே. மாசக் கடைசியில் இதையே ஃபைலில் போட்டு ஆடிட்டருக்கு அனுப்புவாங்க. அதில் இந்த எஸ்கேப் எல்லாம் குப்பையாக வருமே?

தேவகோட்டை_டெவ்:
ஈஸ்ஏடிடிஒய் (எழுதுவது டெர்மினலுக்கா என்று சொல்லும் ஃபங்ஷன்) பொய் என்றால் கோடு, கலர், கர்சர் எதுவும் வேண்டாம், டேப் வைத்துப் பிரிங்க. ஆடிட்டர் எக்செலில்தான் திறப்பார்.